பொத்தான்காரரின் கடைசி வெளிநாட்டுப் பயணம்

இனிமேல் வாயைத் திறந்தால் உண்மை மட்டும்தான் என்று பொத்தான்காரர் அன்று காலை பல் துலக்கும்போது உறுதி எடுத்துக்கொண்டார். வாய் கொப்பளிக்கும் வரை உறுதி உறுதியாகத்தான் இருந்தது. மனைவி டீயைக் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எல்லா நாட்டுக்கும் விமானம் விட ஆரம்பிச்சுட்டாங்களாமே. உங்களைக் கூப்பிடலையா?"

"கூப்பிடாம இருப்பாங்களா? செவ்வாய்க்கிழமை கிளம்பணும்."

என்ன சொல்லித் தொலைத்தோம் என்பது, சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

விஷயம் இதுதான். அவர் ஒரு பொத்தான் கம்பெனியின் விற்பனைக்காரர். பதினெட்டு வருஷமாக மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாகப் போய், சட்டை தைக்கும் கம்பெனிகளிடம் ஆர்டர் பிடித்து வந்தவர். பிறகு நோய் வந்தது. விமானங்கள் நின்றன. ஓடிய ஒன்றிரண்டுக்கும் ஆயிரம் சட்டம். ஏறுவதற்கு முன்னால் பரிசோதனைச் சான்று, இறங்கிய இடத்தில் பதினாலு நாள் தனிமை, திரும்பி வந்தால் இங்கே பதினாலு நாள். இரண்டு மணி நேரம் பொத்தான் காட்ட ஒரு மாதச் சிறை. அதைக்கூடப் பொறுத்திருக்கலாம். ஆனால் உலகமே பனியனோடு வீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டது. சட்டையே வேண்டாம் என்றால் பொத்தான் எதற்கு? முதலாளி இயந்திரங்களை நிறுத்தினார். மிச்சமிருந்த மூட்டைகளையும் கிடங்கின் இரண்டு சாவிகளையும் இவரிடம் கொடுத்து, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனார். அது ஆயிற்று ஐந்து மாதம்.

அன்றைக்கே சொல்லிவிடத்தான் வீட்டுக்கு வந்தார். மனைவி தன் அண்ணனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். யாருக்கு வேலை போனாலும் எங்க வீட்டுக்காரருக்குப் போகாது, அவர் இல்லாமல் அந்தக் கம்பெனி ஒரு நாள் ஓடாது என்றாள். சாவிகளை ஆணியில் மாட்டிவிட்டு, சொல்ல வந்ததைத் தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்டது தள்ளிப்போட்டதுதான்.

மறுநாளிலிருந்து பின்னறையில் வீடியோ மீட்டிங் தொடங்கியது. மேலே சட்டையும் டையும், கீழே அரைக்கால் டவுசர். வெறும் திரையைப் பார்த்து இங்கிலீஷில் பேரம் பேசுவார், கோபப்படுவார், விட்டுக்கொடுப்பார். ஒரு நாள் யாரோ நகைச்சுவை சொன்ன மாதிரி தனியாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அப்படியே மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

இப்போது செவ்வாய்க்கிழமை வேறு வந்து நிற்கிறது. அங்கே போகிற வியாபாரிகளுக்குத் தனிமை இல்லையாம், ஆறே நாளில் வந்துவிடுவேன் என்று மனைவியிடம் அளந்தார்.

"திரும்பி வந்தா இங்க?" என்று அவள் கேட்டாள்.

"இங்க மட்டும் பதினாலு நாள். சட்டம்னா சட்டம்தான்."

அவள் அதை மனதில் எழுதிக்கொண்ட மாதிரி தலையாட்டினாள். பெட்டியையும் அவளே அடுக்கினாள். செவ்வாய் காலை வாசலில் நின்று, வேற ஒண்ணும் எடுக்க வேண்டாமா, நல்லா யோசிச்சுப் பாருங்க என்று மூன்று தடவை கேட்டாள். எல்லாம் இருக்கு என்று இவர் மூன்று தடவையும் கெத்தாகச் சொன்னார். பக்கத்து வீட்டு நர்ஸம்மா உட்படத் தெருவே கையசைத்தது. டாக்ஸி நாலு தெரு சுற்றிக் கிடங்கு வாசலில் இறக்கிவிட்டது.

கிடங்குக்கு ஒரு கதவு, கூரையை ஒட்டி ஒரு ஜன்னல். மூட்டை மூட்டையாகப் பொத்தான். பெட்டியைத் திறந்தவர் திகைத்துப்போனார். கோட்டு சூட்டு எதுவும் இல்லை. பழைய போர்வை, தலையணை, டார்ச் லைட், கொசுவத்திச் சுருள் ஒரு பாக்கெட். வெளிநாட்டு ஹோட்டலில் போர்வை தர மாட்டார்கள் என்று நினைத்துவிட்டாள் போல, பாவம், உலகம் தெரியாதவள் என்று அவள்மேல் இரக்கப்பட்டார்.

மூட்டைமேல் படுத்தால் பொத்தான்கள் முதுகுக்கடியில் நகர்ந்தன. ஒன்றை எடுத்து விரலால் உருட்டினார். கடல் தாண்டி ஒரு கிழவர் இருந்தார், இவருடைய முதல் வாடிக்கையாளர். கண்ணை மூடி, விரலால் உருட்டிப் பார்த்தே பொத்தானின் தரம் சொல்லிவிடுவார். அடுத்த தடவை மனைவியையும் கூட்டிக்கொண்டு வா என்பார் ஒவ்வொரு தடவையும். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார் என்று இரண்டு வரி மெயில் வந்தது. விமானம் இல்லை. இவர் போகவில்லை. அந்த மெயிலையும் யாரிடமும் காட்டவில்லை. எல்லாவற்றையும் ஒருவரே தூக்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு நாளைக்குத் தாங்கும்? பொத்தான்காரர் அங்கே, யாரும் பார்க்காத இடத்தில், வாய்விட்டு அழுதார்.

மூன்றாம் நாள் காலை வெளியிலிருந்து பூட்டில் சாவி திரும்பியது. திருடன் என்று நினைத்து மூட்டைகளுக்குப் பின்னால் பாய்ந்து பதுங்கினார். உள்ளே வந்தது அவர் மனைவியும் பக்கத்து வீட்டு நர்ஸம்மாவும். வீட்டு ஆணியில் தொங்கிய இரண்டாவது சாவியை அவர் மறந்தே போயிருந்தார்.

மனைவி வழக்கமாக வந்து போகிற ஆள் மாதிரி நேராக ஒரு மூட்டையை அவிழ்த்து, பெரிய கோட்டுப் பொத்தான்களாகப் பார்த்துப் பையில் அள்ளினாள். முகக்கவசத்தை நாள் முழுக்க மாட்டி ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் காது புண்ணாகிவிட்டது. இவள் தலைக்குக் கட்டுகிற துணிப்பட்டை தைத்து, இரண்டு பக்கமும் பொத்தான் வைத்துக் கொடுத்தாள். கவசத்தின் கயிறு காதை விட்டுவிட்டுப் பொத்தானில் மாட்டிக்கொள்ளும். ஒரு வார்டில் ஆரம்பித்தது, இப்போது மூன்று ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள். நர்ஸம்மா பேசியதிலிருந்து மூட்டைக்குப் பின்னால் இவருக்குப் புரிந்தது இவ்வளவு.

"நாம பொத்தான் எடுக்கறது சாருக்குத் தெரியுமாக்கா?"

"எங்க தெரியும்? அவருக்கு வேலை போய் அஞ்சு மாசம் ஆச்சு. அது எனக்குத் தெரியும்னே அவருக்குத் தெரியாது."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நெட் மூணு நாள் இல்ல. மூணு நாளும் மீட்டிங் நடந்துச்சு." அவள் இன்னும் இரண்டு கை பொத்தானை அள்ளிப் பையில் போட்டாள். "அவரா சொல்லட்டும்னு இருக்கேன். நான் கேட்டா உடைஞ்சு போயிடுவார். அந்த அறை வாசல்ல தினமும் டீயோட நின்னுட்டுத் திரும்பிப் போறேன். என்னால முடியல."

பொத்தான்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். போகும்போது அவள் டிபன் கேரியர் ஒன்றை மூட்டைமேல் வைத்தாள்.

"இது யாருக்குக்கா?" என்றாள் நர்ஸம்மா.

"இங்க ஒரு பெரிய எலி இருக்கு. வேளைக்குச் சாப்பிடாது."

எலி அதைக் கண்ணீரோடு சாப்பிட்டு, கேரியரைக் கழுவி, சாயங்காலமே வீடு திரும்பியது.

மனைவி முகக்கவசத்தோடு கதவைத் திறந்தாள். அவர் படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். வேலை போனது, முதலாளி அழுதது, கிழவர் செத்தது, கிடங்கில் கிடந்தது. எதையும் மிச்சம் வைக்கவில்லை. அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதைச் சொல்ல அஞ்சு மாசமா? நான் என்ன வேத்து ஆளா?"

ஐந்து மாதத்தில் முதல்முறையாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியிருந்தது. செருப்பைக் கழற்றி உள்ளே வர ஒரு காலை எடுத்து வைத்தார். அவள் குறுக்கே கையை நீட்டினாள்.

"எங்க வர்றீங்க? வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்களுக்குப் பதினாலு நாள் தனிமை. தெருவே பார்த்து வழியனுப்பியிருக்கு. சட்டம்னா சட்டம்தான். பின்பக்கமா சுத்திப் போங்க."

பின்னறையில் கம்ப்யூட்டரைக் காணோம். மேஜைமேல் துணிப்பட்டைகள் மலையாகக் குவிந்திருந்தன. பக்கத்தில் நூல்கண்டு, ஊசி, ஒரு டப்பா கோட்டுப் பொத்தான். பட்டைக்கு இரண்டு என்று சீட்டு எழுதி வைத்திருந்தாள். பொத்தான்காரர் உட்கார்ந்து ஊசியைக் கையில் எடுத்தார். வாழ்நாளில் கோடிக்கணக்கில் பொத்தான் விற்றவர், ஒன்றைக்கூடத் தைத்ததில்லை. கால் மணி நேரமாகியும் நூல் காதுக்குள் போகவில்லை.

கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு தட்டு உள்ளே நகர்ந்து வந்தது. அதில் டீயும், டீக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகமும் இருந்தன.

"பாஸ்போர்ட்டு. பீரோவுலயே இருந்துச்சு. அடுத்த தடவை வெளிநாடு போறப்ப மறக்காம எடுத்துட்டுப் போங்க."