எறும்பு தும்மினாலும் கேட்கும் மைக்

செப்டம்பர் பிறந்ததும் நான் என் வீட்டில் ஓர் அறிவிப்பு வெளியிட்டேன். இந்த வருடம் மிளகாய் சுடப்போவதில்லை.

ப்ளோவ்திவ் நகரத்தில் ஒரு கணவன் இப்படிச் சொல்வது லேசான காரியம் இல்லை. எங்கள் அடுக்குமாடியில் செப்டம்பர் வந்தால் பால்கனிக்கு ஒரு கணவன் நிற்பான். அவன் முன்னால் ஓர் உருளை அடுப்பு. சுஷ்கோபெக் என்போம். சிவப்புக் குடைமிளகாயை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கி, மூடி, தோல் கருகியதும் எடுத்து, உரித்து மனைவியிடம் கொடுக்க வேண்டும். அவள் அதைத் தக்காளியோடு கிளறி, லுதெனித்சா என்னும் தொக்கு செய்து ஜாடியில் அடைப்பாள். சுடாத கணவனை இந்த ஊர் இதுவரை பார்த்ததில்லை. பார்க்கட்டும் என்றுதான் துணிந்தேன்.

"ஏன் சுட மாட்டீங்க? கைக்கு என்ன வந்துச்சு?" என்றாள் என் மனைவி இஸ்க்ரா.

"இது கலைஞனோட கை. இனிமே மிளகாயைத் தொடாது. நான் தம்புரா வாசிச்சு ரெக்கார்டு பண்ணப்போறேன். சமையலறைக்குப் பக்கத்துல இருக்கிற ஸ்டோர் ரூம்தான் ஸ்டுடியோ."

"ஊறுகாய் ஜாடியெல்லாம் எங்க போகும்?"

"இருக்கட்டும். எனக்கும் நாலு ரசிகர்கள் வேணாமா?"

எங்கள் ஊர்த் தம்புரா மெட்டு வாசிக்கிற வாத்தியம்; நீண்ட கழுத்தும் இரட்டை இரட்டைக் கம்பிகளும் கொண்டது. குரல் சன்னம். என் வீட்டில் என் குரலைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அதனால் நல்ல மைக் வேண்டும். வாத்தியக் கடை வைத்திருக்கும் நண்பன் த்ராய்கோவிடம் போனேன்.

"அடுக்குமாடி வீடா? அப்ப டைனமிக் மைக் எடு. முன்னால இருக்கிறதை மட்டும் கேக்கும். ஊர்வம்பு அதுக்கு வேணாம்" என்றான்.

"எனக்கு ஊர்வம்பு வேணும். எறும்பு தும்மினாலும் கேக்கிற மைக் கொடு."

"அது கண்டென்சர். அப்புறம் எறும்போட குடும்பமே கேக்கும். என்கிட்ட வந்து அழக்கூடாது."

வாங்கினேன். பழைய கம்பளங்களைச் சுவரில் தொங்கவிட்டு, ஜாடிகளுக்கு நடுவே உட்கார்ந்து வாசித்தேன். பிறகு ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். லிஃப்ட் வந்தது. மாடி வீட்டுக்காரர் குளித்தார். இஸ்க்ரா வெங்காயம் நறுக்கினாள். தூரத்தில் யாரோ தம்புரா வாசித்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெய்ச் சட்டி காய்வது போல 'ஸ்ஸ்ஸ்' என்று ஓயாத இரைச்சல்.

த்ராய்கோவுக்குப் போன் போட்டேன். "மைக் மேல தப்பில்ல. அதை நீ சொருகியிருக்கிற பொட்டி மட்டம். நல்ல பிரீஆம்ப் வேணும்" என்றான்.

இஸ்க்ராவிடம் சொன்னேன்.

"அது என்ன பண்ணும்?"

"மைக் முணுமுணுக்கிறதை, இரைச்சல் இல்லாம, பெருசாக்கிக் கொடுக்கும்."

"எங்க அம்மா மாதிரி. முதல்ல பால்கனிக்குக் கண்ணாடி போடணும். அப்புறம் பார்க்கலாம்."

"கண்ணாடியா கலையா?"

"கண்ணாடி" என்றாள். யோசிக்கக்கூட இல்லை.

பிரீஆம்ப் இல்லையென்றால் பாட்டு இல்லை. பாட்டு இல்லையென்றால் மிளகாய் சுடாததற்குக் காரணமும் இல்லை. என் மானமே அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

இடிந்துபோய் ஸ்டுடியோவில் உட்கார்ந்தேன். சும்மாதான் ஹெட்போனை மாட்டினேன். சத்தம் கூட்டும் திருகைக் கடைசிவரை திருகினேன். இரைச்சலுக்கு நடுவே சமையலறை கேட்டது! எதிர் வீட்டு வெஸ்கா காபி குடிக்க வந்திருந்தாள். மூட்டுவலி என்று இஸ்க்ராவிடம் புலம்பிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் எதிரியின் மந்திராலோசனை, இந்தப் பக்கம் நான். எந்தத் தளபதிக்கு இந்தப் பாக்கியம் கிடைத்தது?

அன்று இரவுச் சாப்பாட்டில் பெருந்தன்மையாக விசாரித்தேன். "வெஸ்காவுக்கு முட்டி எப்படி இருக்கு? வலது முட்டிதானே?"

இஸ்க்ரா கரண்டியைக் கீழே வைத்து என்னைப் பார்த்தாள். ஸ்டோர் ரூம் கதவையும் பார்த்தாள். "பரவாயில்ல" என்றாள்.

மறுநாள் கிடைத்தது பாருங்கள், பொக்கிஷம்! இஸ்க்ரா ஸ்டோர் ரூம் கதவுக்கு மிக அருகில் நின்று, கொஞ்சம் உரக்கவே பேசினாள். வெஸ்காவுக்கு முட்டியோடு காதும் போய்விட்டது போலிருக்கிறது, பாவம்.

"உனக்கு மட்டும் சொல்றேன் வெஸ்கா. அவரு மிளகாய் சுட மாட்டேன்னு சொன்னதுல எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

"என்னக்கா சொல்றீங்க?"

"பின்ன? அவரு மட்டும் தானா முன்வந்து சுட்டுக் கொடுத்துட்டார்னா, நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு பிரீஆம்ப் வேணாம்பேன்? நல்லவேளை, அவருக்கு அந்த யோசனையே வராது."

வராதா? எனக்கா?

விடிந்ததும் பால்கனியில் அடுப்பு ஏறியது. மூட்டை மூட்டையாக மிளகாய். சுட்டேன். உரித்தேன். விரல் கறுத்தது, கண் எரிந்தது, மீசையில் பாதி போனது. மற்ற பால்கனிகளில் நின்ற கணவர்கள் இளித்தார்கள்.

"என்ன க்ராஸிமிர், கலைஞன் கை மிளகாய்க்கு வந்துடுச்சு?"

"இது மிளகாய் இல்லடா. போர் தந்திரம்!"

இஸ்க்ரா ஓடிவந்து கையைப் பிசைந்தாள். "ஐயையோ, நீங்க எதுக்குங்க? போதும், விடுங்க!" அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இன்னொரு மூட்டையை அவிழ்த்தேன்.

அடுத்த ஒற்றுச் செய்தி: "மிளகாயாவது போகட்டும் வெஸ்கா. பால்கனிச் சட்டத்தை அவரே இழைச்சு, கண்ணாடியும் பொருத்திட்டார்னா என் கதை முடிஞ்சுது. ஆளுக்குக் கூலி மிச்சம்னு சொல்லி அந்தப் பொட்டியைக் கேட்டே தீருவாரு."

இழைத்தேன். பொருத்தினேன். வர்ணமும் அடித்தேன். அடுத்தடுத்து வந்த ஒற்றுச் செய்திகளின்படி கம்பளங்களைத் தட்டி, ஆட்டம் கண்டிருந்த மாமியாரின் அலமாரியையும் சுவரோடு ஆணியடித்து நிறுத்தினேன். ஒவ்வொரு வேலைக்கும் இஸ்க்ரா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் எனக்கு ஓர் அங்குலம் உயரம் கூடியது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் எழுந்து நின்றேன். ஒரு கிளாஸ் ராக்கியாச் சாராயத்தை உள்ளே தள்ளினேன்.

"மிளகாய் யார் சுட்டது?"

"நீங்க."

"கண்ணாடி?"

"நீங்கதான்."

"இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு பிரீஆம்ப் வேணாம்பே?"

இஸ்க்ரா தட்டைத் தள்ளி வைத்தாள். பெருமூச்சு விட்டாள். "தோத்துட்டேங்க. வாங்கிக்கோங்க. ஆனா மட்டமானது வேணாம். இருக்கிறதுலயே நல்லதா, துல்லியமா கேக்கிறதா பார்த்து வாங்குங்க."

முப்பது வருட மணவாழ்க்கையில் முதல் வெற்றி. தெருவெல்லாம் எனக்குப் பூத் தூவுவது போலிருந்தது. த்ராய்கோ கடையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். "உன் கடையிலேயே சுத்தமான பிரீஆம்ப்பை எடு. வீட்டம்மா உத்தரவு!"

"உத்தரவா?"

"சரணாகதின்னு வெச்சுக்கோ."

கனமான பெட்டி. வழவழப்பான திருகு. ஸ்டுடியோவில் வைத்து, மைக்கைச் சொருகி, ஹெட்போனை மாட்டினேன். இரைச்சல் சுத்தமாக இல்லை. அப்படி ஓர் அமைதியை நான் என் வீட்டில் கேட்டதே கிடையாது. தம்புராவை மடியில் எடுத்தேன். வாசிப்பதற்கு முன்னால், பழக்கதோஷம், திருகைக் கொஞ்சம் கூட்டினேன். சமையலறையில் காபிக் கிண்ணத்தில் கரண்டி சுற்றுவது காதுக்குள்ளேயே சுற்றியது.

"ஏன்க்கா, அவ்வளவு பிடிவாதமா வேணாம்னு நின்னீங்க. இப்ப நீங்களே நல்லதா வாங்கச் சொல்லிட்டீங்களே?" இது வெஸ்கா.

"வேற என்ன பண்றது? அந்தப் பழைய பொட்டியில அவருக்குக் கேக்கணும்னா, ஒவ்வொரு தடவையும் கதவுகிட்ட போய்க் கத்த வேண்டியிருந்துச்சு. தொண்டையே கட்டிப்போச்சு. இதுல உக்காந்த இடத்துலயே சொல்லிடலாம்." இஸ்க்ரா ஒரு மடக்குக் காபி குடித்தாள். பிறகு, பக்கத்தில் படுத்திருப்பவனிடம் பேசுவது போல மெதுவாகச் சொன்னாள். "என்னங்க, தக்காளி வந்திருக்கு. ஹெட்போனைக் கழட்டிட்டு வாங்க."