பேராதனையில் ஒரு நாள் உத்தியோகம்

"ஓம், இஞ்சதான் வேல" என்று சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது ஜவுபருக்கு உறைத்தது.

பேராதனைப் பூந்தோட்டத்து வாசலில் கறுப்புக் கண்ணாடியும் காக்கித் தொப்பியுமாக ஒரு மணி நேரமாக நின்றிருந்தான். மருதமுனையில் நான்கு தறி வைத்திருக்கும் அவனுக்கும் மரங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கண்டி பஸ் ஏறி அவன் வந்தது பெண் பார்க்க. அதுவும் களவாக.

சாய்ந்தமருது கமீலாவை அவனுக்குப் பேசி முடித்தாயிற்று. நிக்காஹ்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். பெண்ணை முன்கூட்டிக் காட்டும் வழக்கம் இல்லை, அதுகூடப் பரவாயில்லை. "பொண்ணு நல்ல பொண்ணுதான், கோவம் மட்டும் கொஞ்சம் கூட" என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். மற்ற ஊர்களில் மனைவி கோபித்தால் தாய் வீட்டுக்குப் போவாள். இவர்கள் பக்கத்தில் வீடே பெண்ணுடையது. மாப்பிள்ளைதான் அங்கே போய் இருக்க வேண்டும். அவள் கோபித்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு தெருவில் நிற்பது யார்? இதை நினைத்து ஒரு வாரமாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் ஜவுபர் நூல் அறுந்தால் தறியையே உதைக்கிறவன். அந்தச் சத்தம் பக்கத்து ஊருக்கும் கேட்கும். கேட்டால், "அது தொழில் கோவம், வேற" என்பான்.

கூட்டாளி பளீல்தான் வழி சொன்னான். "மச்சான், சனிக்கிழம கமீலாவ அவட சாச்சி ஆமினா உம்மா பேராதனைக்குக் கூட்டிப் போறாவாம். என்ட பொஞ்சாதிக்கிட்டச் சொல்லியிரிக்காங்க. அவட வாப்பா போகல்ல. அவரத் தவிர ஒருத்தருக்கும் உன்ட முகம் தெரியா. நீயும் கறுப்புக் கண்ணாடியும் காக்கித் தொப்பியும் போட்டுப் போய் ஒரு மூலைல நிண்டு பாரன். என்ட பொஞ்சாதி சொன்ன யோசனதான் இது."

மூலையில் நிற்க விட்டால்தானே! வேனை விட்டு இறங்கிய ஆமினா உம்மா நேராக அவனிடம் வந்து, "மனே, இந்தத் தோட்டத்திலயா வேல செய்றாய்?" என்று கேட்டுவிட்டார்.

பின்னால் முக்காடு போட்ட இரண்டு பெண்கள். ஒருத்தி கமீலா, மற்றவள் சின்னம்மா முறையான அந்தச் சாச்சியின் மகள். எவள் எவள் என்பதுதான் தெரியவில்லை.

"அப்ப எல்லா மரமும் தெரியுமா?" என்றாள் நெட்டையானவள்.

"தெரியும்" என்றான் ஜவுபர். வேறு என்ன சொல்ல?

"அந்தா மேல தொங்குதே, கறுப்பா, அது என்ன காய்?"

இவன் கண் மரத்திலா இருந்தது? "அதுவா, ஆப்பிரிக்காக் காய். மாசி மாசம் பழுக்கும்."

காய் சிறகை விரித்துப் பறந்தது. அதைத் தொடர்ந்து நூறு காய்கள் கிரீச்சிட்டுக்கொண்டு பறந்தன.

"வௌவால் தெரியாத ஆளுக்கு யாரு வேல தந்த?" நெட்டைச்சி பிடித்துக்கொண்டாள். மற்றவள் முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பிழையைச் சரிக்கட்ட, வேனிலிருந்த கோழியாணப் பானையைத் தானே தூக்கி வருவதாகச் சொன்னான். பாதி வழியில் பானை சரிந்து ஆணக் குழம்பு சட்டையெல்லாம் வழிந்தது.

"கண்ண என்ன பிடரியிலயா வெச்சிரிக்கீங்க? மறுகா என்னத்தோட சோறு தின்ற?" என்று கத்தினாள் நெட்டைச்சி.

அதற்குப் பரிகாரமாக விரிக்கப் பாய் எடுத்துவர ஓடினான். கொண்டுவந்த பாய் யாரோ சிங்களக் குடும்பத்தினுடையது. அவர்கள் துரத்திக்கொண்டே வந்துவிட்டார்கள். அந்த ஏச்சு முடிய, நெட்டைச்சியின் ஏச்சு தொடங்கியது.

"வேல தெரியாது, வெக்கமும் தெரியாது! போய்ச் சரியான பாயக் கொண்டு வாங்க!"

ஜவுபருக்குக் காது இரண்டும் கொதித்தன. ஊராயிருந்தால் நடந்திருப்பதே வேறு. ஆனால் வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். "சரி தங்கச்சி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். இவள்தான் கமீலா என்றால் ஊருக்குப் போனதும் முதல் வேலை கல்யாணத்தை நிறுத்துவதுதான் என்று முடிவு கட்டினான்.

அதற்குப் பிறகும் அவள் விடவில்லை. தொங்கு பாலத்துக்குப் போய் அது ஆடுகிறதா என்று பார்த்துவரச் சொன்னாள். பார்த்து வந்து "ஆடுது" என்றான். "எவ்வளவு ஆடுது?" என்று திருப்பி அனுப்பினாள்.

கடைசியில், குடைபோல் விரிந்த ஒரு பெரிய ஆலமரத்தின் கீழ் ஜவுபர் தொப்பென்று உட்கார்ந்தான். கண்ணாடி எங்கேயோ விழுந்துவிட்டது. சட்டையில் எறும்பு.

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத மற்றவள் எழுந்து வந்தாள். ஒரு குவளைத் தண்ணீரை அவன் பக்கத்தில் வைத்தாள். "குடிங்க, பாவம்" என்றாள் மெதுவாக.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. 'யா அல்லாஹ், இவதான் கமீலாவா இரிக்கணும். இனி நான் தறிய உதைக்கவே மாட்டன்' என்று மனதார துஆக் கேட்டான். இந்தப் பெண்ணுக்காக இன்னொரு பானை ஆணத்தையும் தலையில் ஊற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

நெட்டைச்சி பாயில் சரிந்து, கம்மிய குரலில் அந்தப் பெண்ணைக் கேட்டாள்:

"கமீலா ராத்தா, இன்னும் ஏசணுமா? எனக்குத் தொண்ட கட்டிற்று. மாப்பிள்ளைக்கிக் கோவமே வருகுதில்ல!"