முழங்கால் போட்ட மாப்பிள்ளை

நடப்பதெல்லாம் ஒரு தேகப்பயிற்சியா என்று கேட்ட மடையன் நான். அதை ஒப்புக்கொள்வதில் இப்போது எனக்கு வெட்கமில்லை. பட வேண்டிய வெட்கத்தையெல்லாம் என் கல்யாணத்தன்றே, உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் பட்டு முடித்துவிட்டேன்.

அது யுத்த காலம். பஸ் வந்தால் உண்டு. எனக்குப் பார்த்திருந்த பெண் ரோசலின் அடையாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாந்தோமிலிருந்து தினமும் நடந்தே போய் நடந்தே வருவாள். "ஐயோ பாவம்" என்று பெரிய மனது பண்ணி இரக்கப்பட்டேன். நானோ மயிலாப்பூரில் வீட்டுக்கு நாலு வீடு தள்ளியிருந்த ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவன்.

கல்யாணத்துக்கு அண்ணனுடைய கோட்டு. போட்டுப் பார்த்தால் உள்ளே இன்னொரு ஆளுக்கு இடம் இருந்தது. தையற்காரரிடம் போயிருக்கலாம். (புத்தி இருந்தால்தானே!) கோட்டைச் சுருக்குவதற்குப் பதில் உடம்பைப் பெருக்கிவிடலாம் என்று முடிவுகட்டி, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் பக்கத்துத் தெருவில் பையன்கள் தண்டால், பஸ்கி எடுக்கிற தாலீம்கானாவுக்குப் போனேன்.

அங்கே பயிற்சி கொடுக்கும் வஸ்தாத் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா நைனா, நாளன்னிக்குக் கல்யாணத்த வச்சுக்கினு இப்ப வந்துகீறே? மொத நாளு பத்து பஸ்கி போதும். அப்பால பீச்சாண்ட நடந்துட்டு வூட்டுக்குப் போ."

நடப்பதா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, இருநூறு பஸ்கி போட்டேன். மறுநாள் படி இறங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கல்யாணக் களைடா" என்று அம்மா பூரித்துப்போனாள்.

கோயிலில் பீடத்தின் முன் முழங்கால் போட்டபோது கண்ணில் நீர் முட்டியது. பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். சம்மதம் கேட்பதற்காகச் சாமியார் எங்களை எழுந்து நிற்கச் சொன்னார். ரோசலின் எழுந்தாள். என் தொடைகள் அசையவே இல்லை.

"பையனுக்கு வாதம்! மறைச்சுட்டாங்க!" என்று அவளுடைய சித்தப்பா எழுந்துவிட்டார். "சாமி, நிறுத்துங்க!"

கோயில் முழுக்கக் கசமுச. சம்மதம் கேட்குமுன்பே கல்யாணம் நின்றுவிடும் போலிருந்தது.

ரோசலின் குனிந்தாள். "என்ன ஆச்சு?"

"பஸ்கி... இருநூறு."

"எதுக்கு?"

"கோட்டு தொளதொளன்னு இருந்துச்சு."

முக்காட்டுக்குள் அவள் தோள் குலுங்கியது. "பாருங்க, பொண்ணு அழுவுது!" என்றார் சித்தப்பா.

"அழலை சித்தப்பா. இவருக்கு நோவு ஒண்ணும் இல்லை, கொஞ்சம் அசடு, அவ்வளவுதான்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். பிறகு காலை ஊன்றி நின்று, என் இரண்டு கையையும் பிடித்து ஒரே இழுப்பில் தூக்கி நிறுத்தினாள். தினமும் அடையாறு வரை நடந்த கால்கள்!

சாமியார் முதலில் என்னிடம்தான் சம்மதம் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் "சம்மதம்" என்று கத்தினேன்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும், மணமக்களை எழுந்து நிற்கச் சொன்னால் யாரும் அவர்களைப் பார்ப்பதில்லை. அத்தனை தலையும் என் பக்கம் திரும்பும். ரோசலின் இருந்தவரை, சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை நீட்டுவாள். எழ முடிகிற நாளிலும் நான் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுவேன்.