கரடி வீட்டு நிச்சயமும் இருபத்தோரு பொம்மையும்

ஒரு காட்டுல, எந்தக் காடுன்னு கேக்காதீங்க, டவர் நல்லா எடுக்குற காடுன்னு மட்டும் வெச்சுக்கங்க, அந்தக் காட்டுல கொண்டப்பன்னு ஒரு கரடி இருந்தாரு. அவரு பொண்டாட்டி பேரு வெள்ளையம்மா. கரடிக்குப் போயி யாராவது வெள்ளையம்மான்னு பேரு வெப்பாங்களான்னா, வெச்சது அவ அப்பன். அந்தாளுக்குக் கண்ணு கொஞ்சம் மட்டு. ஒரு தடவை முதலையை மரக்கட்டைன்னு நெனச்சு மேல ஏறி ஒக்காந்து, ஆத்தையே தாண்டிட்டாரு. முதலைக்கும் ஒரே கூச்சம், ஒண்ணும் சொல்லாம கொண்டுபோயி விட்டுட்டு வந்துச்சாம். சரி, அது இப்ப எதுக்கு.

கொண்டப்பனுக்கு ஒரே பொண்ணு, செண்பகம். ரெண்டு எடம் வந்து தட்டிப்போச்சு. மூணாவதா மலைக்கு அந்தப் பக்கம் சடையாண்டின்னு ஒரு கரடி, அவரு பையனுக்குக் கேட்டு வந்தாங்க. செண்பகத்துக்குப் பையனை ரொம்பப் புடிச்சுப்போச்சு. ஏன்னா பேசும்போது குறுக்க பேசல. அந்த மாதிரி ஆம்பளைக் கரடி அந்தக் காட்டுலயே ரெண்டுதான், இன்னொருத்தருக்குக் காது கேக்காது.

ஆடி கழிஞ்சு ஆவணி மொத வெள்ளிக்கிழமை நிச்சயம்னு முடிவாச்சு. கரடிங்க வழக்கம் என்னன்னா, நிச்சயத்தன்னைக்கு ரெண்டு வீட்டாளுங்களும் ஆளுக்கு இருபத்தோரு தட்டு வெக்கணும். தட்டுக்கு ஒரு தேனடை. ஒத்தப்படையாத்தான் இருக்கணும். அப்புறம் சம்பந்திங்க நடுவுல நின்னு தட்டு மாத்திக்கணும். தட்டு மாத்தலைன்னா கல்யாணம் இல்ல, அவ்ளோதான்.

அதுக்குன்னே மூணு வருஷமா தேனடை சேத்து, ஒரு மரப்பொந்துல அடுக்கி, கல்லை வெச்சு மூடி வெச்சிருந்தாரு கொண்டப்பன். இருபத்தொண்ணு கேட்டா நாப்பது இருந்துச்சு. கொட்டு வாங்கி வாங்கி மூக்கு பணியாரமா வீங்கிப்போச்சு மனுஷனுக்கு. மனுஷன்னா கரடிதான், ஒரு பேச்சுக்கு.

இப்படி நல்லா இருந்த ஆளு ஒருநாள் ஆலமரத்தடியில தேவாங்கு பச்சைமுத்து கடைக்குப் போனாரு. போனது என்னவோ பல்லி வெரட்டுற மருந்து வாங்கத்தான். தேவாங்கு கண்ணு எப்பவும் தட்டு மாதிரி விரிஞ்சே இருக்கும், பாக்குறவங்களுக்கு ஏதோ அதிசயத்தைக் காட்டப்போறான்னு தோணும். கடைக்காரனுக்கு அதைவிட என்ன வேணும்?

"அண்ணே, கொம்புத்தேன்னு ஒரு ஆட்டம் வந்திருக்கு. போன்ல ஏத்தித் தர்றேன், விளையாடிப் பாருங்க" அப்படின்னான்.

"எவ்ளோடா?"

"சும்மாண்ணே! உங்ககிட்ட போயி வாங்குவேனா?"

ஆட்டம் என்னன்னா, ஒரு கரடி மலையேறித் தேன் எடுக்கணும். கொண்டப்பன் பொழுதன்னைக்கும் செய்யுற அதே வேலை. ஆனா ஒக்காந்த எடத்துல வெரலால தேச்சா போதும், ஒரு கொட்டு கிடையாது. விறுவிறுன்னு ஏறுனாரு, அடையை எடுத்தாரு. அதோட அந்தப் போன் கரடி கையில தேனை வெச்சுக்கிட்டு அப்படியே நிக்குது.

"ஏன்டா நிக்கிறான்? தின்ன மாட்டானா?"

"எப்படித் திம்பான்ணே? வாய் தனி."

கொண்டப்பன் உத்துப் பாத்தாரு. ஆமா, அந்தக் கரடிக்கு மூக்குக்குக் கீழ வழுவழுன்னு ஒண்ணுமே இல்ல.

"அடப்பாவி, வாய் இல்லாம ஒரு கரடியா?"

"ஆட்டத்தோட வர்ற கரடிக்கு வாய் கிடையாதுண்ணே. வேணும்னா ரெண்டு தேனடை."

அவருக்கு மனசு கேக்கல. தேனைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு ஜீவன் பட்டினி கெடக்குறதைப் பாத்துக்கிட்டு ஒரு கரடியால எப்படிச் சும்மா இருக்க முடியும்? ஓடிப்போயி பொந்துலருந்து ரெண்டு அடையை எடுத்தாந்து குடுத்தாரு. போன் கரடிக்கு வாய் வந்துச்சு, மொச்சுமொச்சுன்னு தின்னுச்சு. கொண்டப்பனுக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அன்னைக்கு ராத்திரி அவரு வீட்டுல வெறும் கெழங்குதான், அது வேற விஷயம்.

மறுநாள் போயி, "டேய், தின்னுட்டு மேலயே நிக்கிறான்டா"ன்னாரு.

"இறங்குற வழி தனிண்ணே. மூணு அடை."

"ஏறுனது சும்மாத்தானேடா?"

"ஏறுறது எப்பவும் சும்மாத்தாண்ணே."

இவரு மட்டும்னு நெனைக்காதீங்க. மயிலு ஒண்ணு இருந்துச்சு, அதுவும் இதே கடையில வேற ஒரு ஆட்டத்துக்கு ஏழு மூட்டை தெனை குடுத்துத் தோகை வாங்குச்சு. வாங்கிட்டு, "என் தோகையைப் பாத்தியா, என் தோகையைப் பாத்தியா"ன்னு காடு முழுக்கப் போனைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சுச்சு. பின்னாடி அதோட சொந்தத் தோகை முள்ளுல மாட்டி இழுபடுது, அதைத் திரும்பிப் பாக்க ஆளில்ல. எங்க விட்டேன்? ஆங், இறங்குற வழி.

இறங்குனா அடுத்தது குடை, அடுத்தது மழை. மழை இல்லாம குடை எதுக்குன்னு மழையையும் வாங்குனாரு. அதோட முடிஞ்சுருச்சுன்னு பாத்தா, பச்சைமுத்து பொம்மையை இறக்கிட்டான். ஆட்டத்துல வர்ற கரடி, தேனீ, எல்லாம் பொம்மையா. மொத்தம் இருபத்தோரு தினுசு. ஒவ்வொண்ணும் ஒரு மூடுன பொட்டியில. பொட்டி ஒரு அடை.

"இதுல எது இருக்கு?"

"திறந்தாத்தான் தெரியும்ணே. ஆனா திறந்தா மதிப்பு போயிடும்."

"திறக்கலைன்னா எது இருக்குன்னு எப்படிடா தெரியும்?"

"தெரியாதுண்ணே. அதுக்குத்தான் மதிப்பே."

வாங்குனாரு, திறந்தாரு. குடை புடிச்ச கரடி வந்துச்சு. இன்னொண்ணு வாங்குனாரு, மறுபடி குடை புடிச்ச கரடி. ஒரு மாசத்துல இருபது தினுசு சேந்துருச்சு, குடை புடிச்சதே ஏழு. கிடைக்காதது ஒண்ணே ஒண்ணுதான், ராணித் தேனீ. தங்கக் கலரு றெக்கை. அட்டைப்பொட்டியில போட்ட படத்தைத் தடவித் தடவியே அது தேஞ்சுபோச்சு.

நிச்சயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வெள்ளையம்மா பொந்துக் கல்லைப் புரட்டுனா. உள்ள ஒரே ஒரு எறும்பு இருந்துச்சு, அதுவும் வெளிய போற வழி கேட்டுச்சு.

"என்னங்க! நாப்பது அடை எங்க?"

கொண்டப்பன் மூக்கைச் சொறிஞ்சாரு. "வாய்க்கு ரெண்டு போச்சு…"

"யாரு வாய்க்கு?"

போனை எடுத்துக் காட்டுனாரு. அவ அதைப் பாத்தா, இவரைப் பாத்தா, மறுபடி அதைப் பாத்தா.

"அதுக்கு வாங்குன வாயை எனக்கு வாங்கியிருந்தா நாலு வார்த்தை நல்லா கேட்டிருப்பேன். ரெண்டு எடம் தட்டிப்போன புள்ளைங்க அது! மூணாவதும் போச்சுன்னா அதுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

செண்பகம் மூலையில நின்னுக்கிட்டு ஒண்ணும் பேசல. அதுதான் கொண்டப்பனுக்குத் தாங்கல. பொம்மையெல்லாத்தையும் கோணியில கட்டி, திருப்பிக் குடுத்துட்டு அடையை வாங்கிட்டு வர்றேன்னு கெளம்புனாரு.

போனா கடையில கியூ. முன்னாடி ஒரு முள்ளம்பன்றி. முள்ளம்பன்றிக்குப் பின்னாடி யாரும் ஒட்டி நிக்க மாட்டாங்க இல்லையா, அந்த எடைவெளியில மொசலுங்க குடும்பம் குடும்பமா பூந்துருதுங்க. கேட்டா, "பெருசு, கியூ எங்க நிக்குதோ அங்கதான் நிக்கிறோம்"னு சட்டம் பேசுதுங்க. உச்சிவெயில் சாஞ்சப்புறம்தான் இவரு முறை வந்துச்சு. பச்சைமுத்து ஒரு பாரத்தை நீட்டுனான். அதுல ஒரே கேள்வி: பொருளை வாங்கும்போது புத்தி தெளிவாக இருந்ததா?

"இருந்துச்சுன்னு எழுதுனா?"

"தெளிவா இருந்துதானே வாங்குனீங்க, அப்புறம் ஏன் திருப்பணும்பாங்கண்ணே."

"இல்லைன்னு எழுதுனா?"

"யானைகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரணும்."

யானை கையெழுத்துப் போட்டா பேப்பர் இருக்குமா? பாரம் பொத்தலா வந்துச்சு. பொத்தல் பாரம் செல்லாதுன்னுட்டான். ஆனா பச்சைமுத்துவும் அவ்ளோ கெட்டவன் இல்ல. அண்ணன் வெறுங்கையோட போகக்கூடாதுன்னு ஆறுதலுக்கு ஒரு பொட்டி சும்மாவே குடுத்தான். வழியிலயே திறந்து பாத்தாரு. குடை புடிச்ச கரடி. எட்டு.

வீட்டுக்கு வந்தா வெள்ளையம்மா அழுது முடிச்சு யோசிச்சு வெச்சிருந்தா. "தட்டுல பொம்மையை வையுங்க. மேல பட்டுத் துணியைப் போட்டு இறுக்கி மூடிருவோம். தட்டு மாத்துற வரைக்கும் யாரும் திறக்காம பாத்துக்கணும். மாத்திட்டா அப்புறம் நிச்சயம் நிச்சயம்தான், மாத்த முடியாது."

கொண்டப்பன் எண்ணிப் பாத்தாரு. மொகம் பளிச்சுன்னு ஆயிருச்சு. "இருபது தினுசுதான் இருக்கு வெள்ளையம்மா! ஒரே குடையை ரெண்டு தட்டுல வெச்சா நல்லாவா இருக்கும்? ரெட்டைப்படையும் ஆகாது. ஓடிப்போயி இன்னும் ஒரே ஒரு பொட்டி…"

"இருபத்தொண்ணாவது தட்டுல வெத்தலை பாக்கு வெச்சுக்கலாம்."

அவரு மொகம் பழையபடி ஆயிருச்சு.

வெள்ளிக்கிழமை காலையில சடையாண்டி குடும்பம் வந்து எறங்குச்சு. அவங்க பக்கமும் இருபத்தோரு தட்டு, பட்டுத் துணி போட்டு மூடி. ரெண்டு வரிசையையும் எதிரெதிர வெச்சாங்க. வெள்ளையம்மா போட்ட திட்டத்துல ஒரு ஓட்டை. வந்தது பூரா கரடிங்க. கரடிக்குக் கண்ணு மந்தம்தான், ஆனா தேன் வாசம் மூணு மலை தாண்டி வரும். துணியைப் போட்டுத் தேனை மறைக்க முடியாதுன்னா, தேன் இல்லாததை மட்டும் எப்படி மறைக்க முடியும்?

பந்தல்ல எல்லா மூக்கும் மேல தூக்கித் தூக்கி எறங்குது. யாரும் வாயைத் திறக்கல. விருந்தாடி வந்த எடத்துல போயி உங்க தட்டுல வாசமே வரலையேன்னு எப்படிக் கேக்குறது? சும்மா தும்மல் வர்ற மாதிரி மூக்கைத் தேச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. கொண்டப்பனுக்கு வேர்த்து ஊத்துது.

"தட்டை மாத்திரலாமா சம்பந்தி?" அவசரமா கேட்டாரு.

"மாத்திரலாம் மாத்திரலாம். திறந்தெல்லாம் பாக்கணும்னு இல்ல" சடையாண்டி அதைவிட அவசரமா எந்திரிச்சாரு.

"ஆமாமா, நமக்குள்ள என்ன."

"அதானே, நமக்குள்ள என்ன."

சடையாண்டி பொண்டாட்டி மட்டும் ஏன் அப்படி மேல பாத்துக்கிட்டு இருக்கான்னு வெள்ளையம்மாவுக்குப் புரியல. செண்பகம்தான் எந்திரிச்சா. ரெண்டு வரிசைக்கும் நடுவுல வந்து நின்னு மோந்து பாத்தா.

"அப்பா, நம்ம பக்கம் வாசம் வராதது ஏன்னு எனக்குத் தெரியும். அந்தப் பக்கமும் ஏன் வரல?"

பந்தல்ல இருந்த மூக்கெல்லாம் அந்தப் பக்கம் திரும்புச்சு. செண்பகம் குனிஞ்சு சடையாண்டி வீட்டுத் தட்டு ஒண்ணு மேல இருந்த துணியை உருவுனா.

உள்ள ராணித் தேனீ. தங்கக் கலரு றெக்கை. அடுத்த தட்டுல, ராணித் தேனீ. அதுக்கடுத்ததுலயும் அதேதான்.

சடையாண்டி தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "மன்னிச்சுக்கங்க சம்பந்தி. எங்க பக்கமும் ஒரு பச்சைமுத்து இருக்கான். நாப்பத்தஞ்சு அடை. மொதல்ல வாய்தான் வாங்குனேன், பாவமா இருந்துச்சேன்னு…"

கொண்டப்பன் கிட்ட வந்து ராணித் தேனீயைக் குனிஞ்சு பாத்தாரு. "எத்தனை இருக்கு?"

"ஒம்பது. குடை புடிச்சதுதான் கிடைக்கவே இல்ல. ஒண்ணே ஒண்ணுக்காகத் தலையால தண்ணி குடிச்சுட்டேன்."

"குடை புடிச்சதா?" கொண்டப்பன் ஓடுனாரு. ஓடிப்போயி கோணியைத் தூக்கியாந்து பந்தல் நடுவுல கொட்டுனாரு. தட்டுல வெச்சது போக மிச்சம் ஏழு குடையும் உருண்டு வந்து நின்னுச்சு.

சடையாண்டி அப்படியே தரையில ஒக்காந்துட்டாரு. "சம்பந்தி!"

"சம்பந்தி!"

ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சு அழுத அழுகை இருக்கே, பொண்ணைக் கட்டிக்குடுத்து அனுப்பும்போதுகூட எந்த அப்பனும் அப்படி அழுதிருக்க மாட்டான். பொண்ணையும் பையனையும் யாரும் கண்டுக்கல. ஆனா தட்டு மட்டும் முறைப்படி மாறுச்சு. ராணித் தேனீ இங்கிட்டு வந்துச்சு, குடைக் கரடி அங்கிட்டுப் போச்சு. இருபத்தோரு தினுசும் ரெண்டு வீட்டுலயும் ரொம்பிருச்சு. அந்தக் காட்டுல இவ்ளோ மனசாரத் தட்டு மாத்துன நிச்சயம் வேற நடந்ததே இல்லைன்னு இன்னைக்கும் சொல்றாங்க.

வெள்ளையம்மாவும் சடையாண்டி பொண்டாட்டியும் ஓரமா நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"உங்க வீட்டுக்காரரும் இப்படித்தானா மதினி?" வெள்ளையம்மா கேட்டா.

"நான் உங்களை நெனச்சுத்தான் நாலு நாளாத் தூங்கல மதினி. நீங்க நெசமாவே தேனோட வந்து நின்னா என் மானம் என்னாவுறது?"

"எனக்கும் அதே பயம்தான்."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. அப்புறம்தான் வெள்ளையம்மாவுக்கு நாலு நாளா அடைச்சிருந்த மூச்சு வெளிய வந்துச்சு. சிரிப்பும் கூடவே வந்துருச்சு. பந்தல்ல வேற ஒண்ணும் இல்லாததால எல்லாரும் அந்த வெத்தலை பாக்கையே பிட்டுப்பிட்டுத் தின்னுட்டு, விருந்து பிரமாதம்னு ஏப்பம் விட்டுக்கிட்டே மலையேறிப் போனாங்க.

நீதி: வீட்டுல இருக்குறதையெல்லாம் வித்துப் பொம்மை வாங்குறதுல தப்பே இல்ல. அதே பொம்மையை வாங்கித் தொலைச்ச சம்பந்தியாப் பாத்துப் பொண்ணு குடுக்கணும், அம்புட்டுத்தான்.