வலப்பக்கம் என்ன இருக்கு?

“...கோயில் படியிலை கீழை நிக்கிற மல்லனுக்குப் பத்து ஆளின்ரை பலம். அவனுக்கு மேலை நிக்கிற யானைக்கு அவனைவிடப் பத்து மடங்கு. அதுக்கும் மேலை சிங்கம். சரி, இனி எல்லாரும் வலப்பக்கம் திரும்புங்கோ.”

இதைச் சொன்னதும் வாயை மூடிவிடுவார். நேபாளத்தின் பழைய கோயில் நகரமான பக்தபூரைப் பாதி மட்டும் சுற்றிக்காட்டிய கைட், உலகத்திலேயே எங்கள் கைட் அண்ணை ஒருவர்தான். அதுவும் இத்தாலியில், பலெர்மோவில் இருந்துகொண்டு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரேத்தோ தெருவில் நாங்கள் சில பேர் ஒரே வீட்டில் இருந்தோம். ஞாயிறு பூசை முடிந்து வந்து சோறு வடிப்பதற்குள் அண்ணை சுற்றுலாவைத் தொடங்கிவிடுவார். அலுமாரி கோயிலாகும், கட்டில் குளமாகும். குளத்தில் படுத்திருக்கிறவர் எழும்பித் தள்ளி நிற்கவேண்டும். ஏன் எப்போதும் வலப்பக்கத்தோடு சுற்றுலா நின்றுவிடுகிறது என்று கேட்டால், இண்டைக்கு இவ்வளவும் காணும் என்பார். வலப்பக்கம் சாராயத் தவறணை, அதுதான் அண்ணை மறைக்கிறார் என்று நான் விளக்கம் சொல்லிச் சிரிக்கவைத்தேன். அந்தக் காலத்தில் என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் இருந்தது.

அண்ணைக்கு அப்போது பெர்மெசோ, அதுதான் வதிவிட அனுமதி, புதுப்பிக்கவேண்டும். அதற்கு வேலை ஒப்பந்தம் வேண்டும். சியாகுல்லித் தோட்டங்களில் தோடம்பழம் ஆய்ந்தாரே தவிர, கடதாசி எழுதித் தர ஒருவரும் இல்லை. நான் வேலைசெய்த வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோராவுக்கோ முழங்கால் ஒப்பரேசன். ஆயத்தமாக இருந்த நேபாளப் பயணம் நின்றுபோய், சக்கர நாற்காலியைத் தள்ள ஆள் தேடிக்கொண்டிருந்தார். பக்தபூரிலேயே பெரிய கைட் ஒருவர் எங்கள் வீட்டில் இருக்கிறார் என்று வாயை விட்டேன். என் இத்தாலியனில் எதையும் அடக்கமாகச் சொல்ல வராது.

ஒரு பகல் முழுக்க அந்த நகரத்தை எனக்குக் காட்டட்டும், பிடித்தால் ஒப்பந்தம் எழுதுகிறேன் என்றார் சிஞ்ஞோரா.

வுச்சீரியாச் சந்தைக்குப் போனோம். அண்ணை நாற்காலியைத் தள்ள, நான் மொழிபெயர்ப்பு. யாருக்கு வேலை தேடுகிறோம் என்று குழம்பும் அளவுக்கு நான் கோட்டுப் போட்டிருந்தேன். மீன்கடை வாசலில் நின்ற இரண்டு தடியர்களை அண்ணை மல்லர்கள் ஆக்கினார். வாள்மீன் தலை யானையானது. யானைக்கு இத்தாலியனில் என்ன என்று மறந்துபோய் நான் கையால் தும்பிக்கை ஆட்ட, கடைக்காரர் ஒரு கணவாய்மீனைத் தூக்கி நீட்டினார். சிஞ்ஞோரா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். என் இத்தாலியன் பிடித்துப்போய்விட்டது என்று நினைத்தேன்.

வலப்பக்கம் ஓர் ஒழுங்கை, ஒடுங்கிய சந்து, பிரிகிற இடம் வந்தது. “இனி வலப்பக்கம் திரும்புங்கோ” என்றார் அண்ணை. நின்றார்.

வலப்பக்கம் என்ன இருக்கிறது என்று சிஞ்ஞோரா கேட்டார். ஒப்பந்தம் மீன் வாளிக்குள் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

“ஏதாவது சொல்லுங்கோ அண்ணை, மிச்சத்தை நான் சமாளிக்கிறன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலிக்கு முன்னால் வந்து குந்தி, தெரியாது சிஞ்ஞோரா என்று இத்தாலியனிலேயே சொன்னார். என்னுடையதைவிட நல்ல இத்தாலியன்.

பிறகுதான் கதை வந்தது. ஐரோப்பாவுக்கு அனுப்புகிறேன் என்று ஏஜென்சிக்காரன் அவரைப் பக்தபூரில் ஓர் அறைக்குள் மாதக்கணக்கில் வைத்திருந்தான். பாஸ்போட் அவனிடம். பிடிபட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், வெளியே தலைகாட்டக்கூடாது. ஜன்னலில் தெரிந்தது எதிர்ச் சுவர் மட்டும். கீழே தினமும் ஒரு கைட் வெள்ளைக்காரரைக் கூட்டிவந்து நின்று மல்லன், யானை, சிங்கம் எல்லாம் சொல்லி, வலப்பக்கம் திரும்பச் சொல்வான். அவர்கள் திரும்பியதும் குரல் கேட்காது.

கடைசியை மட்டும் தமிழில் சொன்னார். “அறைக்குள்ளை நிண்டு நானும் ஒவ்வொரு நாளும் அவையளோடை திரும்பினனான். சுவர்தான் இருந்தது. இதை நீ சொல்லு தம்பி.”

அதை மட்டும் நான் ஒன்றும் கூட்டாமல் மொழிபெயர்த்தேன்.

சிஞ்ஞோரா ஒழுங்கையை எட்டிப் பார்த்தார். கலியாணம் கட்டின நாளிலிருந்து இங்கேதான் மீன் வாங்குகிறேன், இதற்குள் நானும் போனதில்லை என்றார். பிறகு, இன்றைக்கு வலப்பக்கம் போவோம், நாளைக்கு இடப்பக்கம் என்றார்.

நாளைக்கு என்றால் வேலை கிடைத்துவிட்டது என்று அண்ணைக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எழும்பினார். சேர்ட்டை இழுத்துவிட்டார். நான் வருகிறேனா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியை வலப்பக்கம் திருப்பினார்.