டோல்வின் கீழே விழாத விவரம்

மரியாதைக்குரிய சம்பந்தி மாஜிமுன் அவர்களுக்கு,

விதைக்காட்டு முகாமிலிருந்து கும்பிஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி ஜுனித்தாவும் அவள் தம்பி டோல்வினும் இங்கே நலம். நீங்கள் திருப்பி அனுப்பிய எருமையும் நலம். டோல்வினுக்குப் பெண் கேட்டுப் பரிசமாகக் கொடுத்த எருமை திரும்பி வந்தால் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அது வந்து இறங்கியதிலிருந்து ஜுனித்தா என்னோடு பேசுவதில்லை. அதனோடுதான் பேசுகிறாள்.

டோல்வினைக் கயிறு கைவிட்டுவிட்டது என்று சந்தையில் யாரோ உங்களிடம் சொன்னதாக அறிந்தேன். அது பொய். கயிறு கைவிடவில்லை. கைவிட்டவை கயிற்றைப் பிடிக்கும் கருவிகள். உங்கள் மகள் வெலோனாவைக் கட்டப்போகிறவன் எதை நம்பித் தொங்குகிறான் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே ஒளிக்காமல் சொல்கிறேன். நாங்கள் விதை பறிக்கும் செராயா மரத்தின் முதல் கிளையே உங்கள் ஊர் மணிக்கூண்டைவிட உயரம். பெரிய கவணால் நூலை அதன்மேல் எறிந்து, நூலால் கயிற்றை இழுத்து, அந்தக் கயிற்றில் ஏறுகிறோம். ஏறுகிறவனுக்கு இரண்டு இரும்புப் பிடிகள், ஒன்று கையில், ஒன்று நெஞ்சில். மேலே தள்ளினால் நகரும், கீழே இழுத்தால் பல்லால் கவ்வும். கைப்பிடியிலிருந்து தொங்கும் வளையத்தில் கால் வைத்து எழுந்தால் நெஞ்சுப்பிடியும் கூடவே ஏறும். இது போதும் என்பார்கள் பலர். எனக்குப் போதாது. இரண்டுக்கும் மேலே, மெல்லிய கயிற்றை ஏறுகயிற்றின்மீது சுற்றி ஒரு முடிச்சுப் போட்டு, இடுப்புப் பட்டையோடு குட்டையாகக் கட்டச் சொல்வேன். கையால் தள்ளினால் வழுக்கும். ஆள் எடை விழுந்தால் இறுகும்.

டோல்வினுக்கு அது பிடிக்காது. அன்று காலையும் முனகினான்.

"ரெண்டு பிடி இருக்கே அத்தான், மூணாவது யாருக்கு? காட்டு ஆவிக்கா?"

"உங்க அக்காவுக்கு. கட்டுடா."

கட்டினான். செராயா எல்லா வருஷமும் காய்ப்பதில்லை; காய்த்த வருஷத்தில் நாற்றுக்கான விதையைப் பறிக்காவிட்டால் பூச்சி தின்றுவிடும், அல்லது விழுந்து அழுகிவிடும். அதனால் அவசரமாக ஏறினான். உச்சியில் ஓர் ஒராங்குட்டான் குட்டியோடு இருந்தது எங்கள் கண்ணில் படவில்லை. அதன் கண்ணில் நாங்கள் பட்டோம். முதலில் கத்தியது, பிறகு சுள்ளி எறிந்தது, பிறகு கிளைகளையே முறித்துப் போட ஆரம்பித்தது. "இறங்கிடுடா!" என்று நான் கத்த, அவன் இறங்கப் பார்க்க, நெஞ்சுப்பிடியின் பல்லில் அவன் சட்டை சிக்கிக்கொண்டது. "சட்டை மாட்டிக்கிச்சு அத்தான்!" என்றான். "பிடியைத் திறக்காதே!" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கால்வளையத்தில் எழுந்து நின்று பிடியைத் திறந்துவிட்டான். அதே நேரம் ஒரு காய்ந்த கிளை வந்து கைப்பிடிமேல் விழுந்தது. அதிலிருந்த குச்சி பிடியின் வாய்க்குள் நுழைந்து அதையும் திறந்தது.

சம்பந்தி, அவன் கத்தவில்லை. இலைகளும் குச்சிகளும் என்மேல் கொட்டின. நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால், ஜுனித்தாவிடம் போய் என்ன சொல்வேன் என்றுதான் நின்றேன்.

"அத்தான்..."

"சொல்லுடா."

"ஆவி பிடிச்சிருச்சு."

ஒரு கை நீளம்தான் விழுந்திருந்தான். முடிச்சு இறுகிப் பிடித்திருந்தது. கிளைக்கு மறுபக்கம் இறங்கும் கயிற்றுமுனையை மரத்தடியில் சும்மா முடிந்துவைக்காமல், இறக்கும் கருவியில் கோத்து வைப்பதும் என் வழக்கம். அதனால் கீழிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். பட்டையில் அசையாமல் தொங்கினால் ரத்தம் காலில் தங்கிவிடும் என்பதால், "காலை ஆட்டிக்கிட்டே இரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆட்டினான். ஆட்டிய காலோடு பிரம்பு முள்ளுக்குள் போனான். அங்கே செவ்வெறும்பு. ஒராங்குட்டானும் விடாமல் வழி நெடுகக் கிளை போட்டு வழியனுப்பியது. கிழிந்து தொங்கிய சட்டையைப் பிரம்பு வைத்துக்கொண்டது. தரை தொட்டதும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். பிறகு பம்பாங்கான் காட்டுமாங்காய் ஊறுகாயோடு மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டான். சட்டையில்லாமல், உடம்பெல்லாம் கீறலோடு, சந்தையில் மருந்து வாங்க நின்றவனைத்தான் உங்கள் ஊர்க்காரர்கள் பார்த்திருக்கிறார்கள்.

மரத்தை விட்டுவிட்டு உங்கள் எண்ணெய்ப்பனைக் குலை லாரியை ஓட்ட வந்தால்தான் கல்யாணம் என்கிறீர்கள். பணிவோடு ஒன்று கேட்கிறேன். போன மழைக்காலத்தில் அந்த லாரி மலைப்பாதையில் வழுக்கி ஆற்றில் இறங்கியதே, அதற்கு என்ன காவல் இருந்தது? ஒரே ஒரு பிரேக். என் மைத்துனனுக்கோ பிடி இரண்டு விட்டும் மூன்றாவது இருந்தது. பாதுகாப்பான வேலை எது என்று தாங்களே ஆற அமர யோசியுங்கள். அவன் தைரியத்துக்கு ஒரு குறையும் இல்லை. நாளையே ஏறத் தயாராக இருக்கிறான்.

உங்கள் வீட்டுச் சாடியில் தப்பாய் அரிசிக்கள் பொங்கட்டும். மழை உங்கள் வயலுக்குப் போதுமான அளவும், எங்கள் ஆற்றுப்பாலத்துக்குக் கொஞ்சம் குறைவாகவும் பெய்யட்டும். சம்பந்தியம்மாவுக்கு ஜுனித்தாவின் அன்பு.

என்றும் தங்கள் நல்லெண்ணத்தை எதிர்பார்க்கும்,
கும்பிஸ்

பி.கு.: நேற்று எழுதி மடித்துவைத்ததை இன்று பிரித்து எழுதுகிறேன். காலையில் டோல்வின் பட்டையைக் கட்டினான். கால் தரையைவிட்டு எழும்பியதும் மறுபடி இறங்கிவிட்டான். "முடியல அத்தான். கண்ணை மூடினா திரும்பத் திரும்ப விழறேன்" என்று உட்கார்ந்து அழுதான். பட்டையை நானே அவிழ்த்துவிட்டேன். ஆகவே மேலே எழுதிய வாதங்களைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். லாரி ஓட்ட மத்தியானப் பேருந்தில் அவன் வருகிறான், இந்தக் கடிதமும் அவன் கையில்தான் வரும். எதுவும் கேட்காமல் சோறு போடுங்கள்.

அவனைப் பார்க்க நேற்று மாலை வந்த வெலோனா அவனோடு வரவில்லை. அவிழ்த்துப் போட்ட பட்டையைப் பார்த்து, "அப்ப விதையை யார் பறிப்பா?" என்று கேட்டாள். நான் பதில் யோசிப்பதற்குள் அதை இடுப்பில் கட்டிக்கொண்டாள். பிடி இரண்டு, முடிச்சு ஒன்று, மூன்றையும் சரிபார்த்தேன். பயப்பட வேண்டாம், ஆள் உயரத்தில்தான் பழகுகிறாள். "இறங்கும்மா, உங்கப்பாவுக்கு நான் என்னன்னு எழுதறது?" என்று கெஞ்சினேன்.

"இன்னும் கொஞ்சம் மேல போயிட்டு வந்து நானே எழுதறேன்" என்கிறாள்.