கத்தரிப்பூவும் ஆறு வெட்டுக்கிளியும்

வெட்டுக்கிளி மூன்றாவது தடவையும் பாய்ந்து போனது. றிப்தி தூரிகையைக் கடித்தான்.

கல்பிட்டியில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிறவன் அவன். புது ஹோட்டல் முதலாளி ஸியாத் ஹாஜியார், சீன விருந்தினருக்காகச் சீன முறையில் பூவும் பூச்சியுமாக ஒரு படம் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு கொடுக்க வேண்டும். பிடித்தால் பன்னிரண்டு அறைகளுக்கும் அவன்தான் படம் கீறுவான். பிடிக்காவிட்டால் மச்சான் அனுப்பியிருக்கும் கத்தார் விசா.

"போன்ல ஒரு வெட்டுக்கிளியப் பாத்துக் கீறுங்களேன்," என்றாள் மனைவி ஸுஹைரா.

"அது களவு. சீனாக்காரன் உயிரோட பாத்துத்தான் கீறுவான். நானும் அப்பிடித்தான்."

அவனுக்குத் தன்மேல் சந்தேகமே வந்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் ஸுஹைரா நட்ட கத்தரியில் ஒரே ஒரு பூ. பூச்சி நின்று குடிக்கட்டும் என்று அதில் சீனிப்பாணி தடவினான். எறும்பு வந்தது. ஊர்வலமாக வந்தது.

குளிரவைத்தால் வெட்டுக்கிளி அசையாது என்று அடுத்து முடிவு செய்தான். ஆறைப் பிடித்துச் சாப்பாட்டுப் பெட்டியில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தான்.

"யா அல்லாஹ்! தயிருக்குப் பக்கத்துல என்ன இது?"

"மொடல்."

"வெளிய கொண்டு போங்க! நீங்களும் சேந்து போங்க!"

ஆறையும் செடியில் அடுக்கினான். ஐந்து நிமிடம் அருமையாக இருந்தன. பிறகு வெயில் ஏறியது. அவை விழித்தன, நல்ல பசியோடு. அவன் மை கரைத்து நிமிர்வதற்குள் பூ இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் இலைகள் வலைத்துண்டு போலாகிவிட்டன. எங்கிருந்தோ ஒரு மயிர்க்கொட்டிப் புழுவும் வந்து சேர்ந்தது. எல்லாவற்றையும் கண்ணால் கண்டபடியே கீறினான்.

"பூ எங்க?" என்றாள் ஸுஹைரா.

"பூச்சிக்குள்ள இரிக்கி."

"நான் போய்ச் சட்டைய மடிக்கிறன். கத்தாருக்கு."

படம் ஹோட்டல் வாசலில் மாட்டப்பட்டது. பார்த்த ஹாஜியாருக்கு வியர்த்தது.

"டேய், விருந்தாளிக்குக் காட்டுற படமாடா இது? இலையெல்லாம் ஓட்ட!"

"ஓட்டையும் இயற்கைதான் ஹாஜியார்."

ஹாஜியார் அதைக் கழற்றக் கை வைத்தபோது ஒரு சீன விருந்தாளி குறுக்கே வந்து நின்றார். கண்ணாடியை மாட்டினார். வெட்டுக்கிளியின் கால் முள்ளை ஒவ்வொன்றாக எண்ணினார். இலை ஓட்டைகளை விரலால் தொட்டார். பத்து நிமிடம் நகரவில்லை. பிறகு றிப்தியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வழிகாட்டி சாள்ஸிடம் நீளமாக ஏதோ சொன்னார்.

"கலை தெரிஞ்ச மனிசன்," என்றான் றிப்தி. "பன்னிரண்டு ரூமுக்கும் கடதாசி எடுங்க, ஹாஜியார்."

சாள்ஸ் தொண்டையைச் செருமினான்.

"ரூமுக்கில்ல அண்ண. இவர் பூச்சிமருந்துக் கம்பனி முதலாளி. இத போத்தல்ல ஒட்டப் போறாராம். இன்னொண்டும் வேணுமாம், இதே பூச்சியெல்லாம் மல்லாந்து கிடக்கிற மாதிரி."